இந்தியன் கானூனில் நீதிபதி கிருஷ்ணய்யரைத் தேடுவது எப்படி?

வழக்கறிஞர், எம்எல்ஏ, அமைச்சர், நீதிபதி என நான்கு வேலை பார்த்தவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க உதவும் இந்தியன் கானூன் இணையதளத்தில் கிடைப்பது கடைசி ஆள் மட்டும். ஆனால் முழுத் தீர்ப்பும் இலவசம். தேடும் விதம்தான் தெரிய வேண்டும்.

பெயரை ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக அடித்தால், அவரை மேற்கோள் காட்டும் பிற்காலத் தீர்ப்புகள்தான் வந்து குவியும். பழைய உச்ச நீதிமன்றப் பதிவுகளின் பெஞ்ச் வரியில் (வழக்கை விசாரித்த நீதிபதிகளின் பெயர் வரும் இடம்) அவர் பெயர் இடைவெளியே இல்லாமல் ஒரே சொல்லாக ஏறியிருக்கிறது. அப்படியே அடித்து, தேதியை 17-7-1973 முதல் 14-11-1980 வரை நிறுத்துங்கள். அவர் அங்கே இருந்த காலம் அதுதான்.

முதலில் மோத்திராம் வழக்கு (1978). ஏழைக் கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன், அதிலும் உள்ளூர் ஆள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்ற மாஜிஸ்திரேட் உத்தரவைக் கிழித்துப் போட்ட தீர்ப்பு. சாந்தினி சௌக்கில் கைதாகும் தமிழன் என்ன செய்வான் என்றுகூட அதில் கேட்கிறார். அடுத்து, சாக்கடை கட்டப் பணமில்லை என்ற நகராட்சியின் சாக்கை ஏற்காத ரத்லாம் (1980).

சிறைக் கைதிகளின் உரிமை பற்றிய சுனில் பத்ரா (1978) தீர்ப்பைப் படிக்கும்போது கவனம். அது ஐந்து நீதிபதி அமர்வு. கிருஷ்ணய்யர் எழுதியது தனிக் கருத்து, மற்ற நால்வருக்காக எழுதியவர் டி.ஏ.தேசாய். ஒரே பக்கத்தில் இரண்டும் தொடர்ந்து வருவதால், யார் வரி என்று பார்க்காமல் மேற்கோள் எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். மேலே வரும் தலைக்குறிப்பும் (தீர்ப்பின் சுருக்கம்) தீர்ப்பில் சேராது. 'ஜட்ஜ்மெண்ட்' என்ற சொல்லுக்குக் கீழேதான் அசல். நடுவே தனியாக நிற்கும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் அச்சுப் பக்கத்தின் எச்சம், தாண்டிப் போகலாம். கிருஷ்ணய்யரின் ஆங்கிலத்தைத் தாண்டுவதுதான் கடினம். அகராதி பக்கத்தில் இருக்கட்டும்.

தளத்தில் இல்லாத பாதியையும் தெரிந்துகொண்டு போனால் சிறைத் தீர்ப்புகளின் சூடு புரியும். தலச்சேரியில் வழக்காடியவர் 1948-ல் தானே ஒரு மாதம் உள்ளே இருந்தார். 1952-ல் சென்னை சட்டமன்றம். 1957-ல் தலச்சேரியில் வென்று கேரள முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத் துறையையும் பார்த்தார்.

கோர்ட்டில் தாக்கல் செய்ய மட்டும் இந்தப் பிரதி வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வ தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்சிஆர் (e-SCR) தளத்தில் பக்க எண்ணோடு பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது.