மின்சாரக் காருக்குக் கூடுதலாக நான்கு லட்சம்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

மின்சாரக் கார் வாங்கும் எண்ணத்தோடு ஷோரூமுக்குப் போகிறவரை முதலில் தயங்க வைப்பது விலைதான். 2023 செப்டம்பரில் டாடா நெக்ஸானின் புதிய வடிவம் வந்தபோது பெட்ரோல் வகை 8.10 லட்சம் ரூபாயிலும், மின்சார வகை 14.74 லட்சம் ரூபாயிலும் தொடங்கின. தொடக்க நிலை வகைகளில் இரண்டுக்கும் வசதிகள் ஒன்றல்ல என்பதால், இந்த ஆறரை லட்சத்தை அப்படியே வித்தியாசமாகக் கொள்வது நியாயமாகாது. ஆகவே 11 லட்சத்துக்கு ஒரு பெட்ரோல் கார், அதே அளவும் வசதியும் கொண்ட மின்சாரக் கார் 15 லட்சம் என்று வைத்துக்கொண்டு, சென்னையில் வாங்குகிறவருக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம். பெட்ரோல் காருக்கு இதுவே ஏறத்தாழ 2 லட்சம் ஆகிவிடுகிறது. மின் வாகனங்களுக்கான முழு வரிவிலக்கு நடைமுறையில் இருக்கும் வரை, நான்கு லட்ச வித்தியாசம் வண்டி சாலைக்கு வரும்போது இரண்டு லட்சமாகச் சுருங்கிவிடும். இதைச் சொல்லாமல் ஷோரூம் விலையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் வாங்குகிறவரைத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. அதேசமயம், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததையும், மின்சாரக் கார்களுக்கு அது 5 சதவீதமாகவே நீடிப்பதையும் மறந்துவிடக் கூடாது. மின்சாரக் காருக்கு இருந்த வரிச் சாதகம் முன்புபோல் பெரிதாக இல்லை.

இனி ஓட்டும் செலவு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், நகரத்தில் மைலேஜ் 14 கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு 7 ரூபாய் ஆகும். மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் ஏழு கிலோமீட்டர் ஓடும் என்று கொள்ளலாம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், இரண்டு மாத மின் கட்டணத்தில் ஏறக்குறைய 300 யூனிட் கூடும். ஏசி ஓடும் வீடாக இருந்தால் இது 500 யூனிட்டைத் தாண்டி உயர்ந்த கட்டண அடுக்குக்குக் கொண்டுபோய்விடும். அதனால் யூனிட்டுக்கு 9 ரூபாய் வைத்து, சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். மிச்சம் ஐந்தரை ரூபாய். இரண்டு லட்சம் திரும்பி வர ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர், அதாவது மூன்று ஆண்டுகள் ஓட்ட வேண்டும். மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஆறு ஆண்டுகள் ஆகும். பல நிறுவனங்கள் பேட்டரிக்குத் தரும் எட்டு ஆண்டு உத்தரவாதத்தில் பெரும்பகுதி அதற்குள் கழிந்துவிடும்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்சர் என்ற மின்சாரக் கார் வந்தபோது, பேட்டரியோடு 13.50 லட்சம் ரூபாய்; பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் 9.99 லட்சமும் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாயும். சேமிக்கும் மூன்றரை லட்சத்தை வாடகை தின்று தீர்க்க ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆகும் என்பதால், முன்பணம் குறைவாக உள்ளவருக்கு இது நல்ல வழிதான். ஆனால் மின்சாரத்தையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் ஆகிறது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் மிச்சம் 2 ரூபாய் மட்டுமே. மாதத்துக்குக் குறைந்தபட்ச கிலோமீட்டர் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டும். குறைவாக ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு நிபந்தனையே முழு ஆதாயத்தையும் கரைத்துவிடும்.

இத்தனை கணக்கும் வீட்டில் சார்ஜ் செய்ய முடிந்தால்தான். நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் மீட்டர்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. என் பார்க்கிங் இடமோ கட்டடத்தின் மறுகோடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில். அங்கே ஒரு 15 ஆம்பியர் பிளக் வைக்க, மீட்டரிலிருந்து தனி வயர் இழுக்கவும் சங்கத்தின் ஒப்புதல் பெறவும் வேண்டும். அந்த பிளக் கிடைத்துவிட்டால் தினசரி 40 கிலோமீட்டருக்கு இரவில் மூன்று மணி நேரம் போதும். கிடைக்காதவர், யூனிட்டுக்கு 20 ரூபாயைத் தொடும் பொது விரைவு சார்ஜிங் நிலையத்தையே நம்பியிருந்தால், மிச்சம் கிலோமீட்டருக்கு 4 ரூபாயாகக் குறைந்து, இரண்டு லட்சம் திரும்பி வர 50,000 கிலோமீட்டர் ஆகும். அப்படிப்பட்டவர் மாதம் 1,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டுகிறவராகவும் இருந்தால், இன்றைக்குப் பெட்ரோல் காரையே வாங்கச் சொல்வேன்.