தேக்கா, செங்காங், உட்லண்ட்ஸ்: குடிவரும் முன் போட வேண்டிய கணக்கு

வேலை மாற்றலாகிக் குடும்பத்துடன் சிங்கப்பூருக்கு வரும் தமிழர்கள் பெரும்பாலும் வாடகைத் தொகையை மட்டும் பார்த்தே வட்டாரத்தை முடிவு செய்கிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்னும் அரசு அமைப்பு) கட்டிய நாலறை வீட்டை எடுத்துக்கொண்டால், 2024-இல் வடக்கே உள்ள உட்லண்ட்ஸில் மாத வாடகை ஏறத்தாழ 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வடகிழக்கில் உள்ள செங்காங்கில் அதைவிட இருநூறு, முந்நூறு கூடுதல். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்கா, அதை ஒட்டிய ஃபேரர் பார்க் பக்கம் 3,500 வெள்ளியை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தது. (நாலறை என்பது கூடத்தையும் சேர்த்த கணக்கு, படுக்கையறைகள் மூன்றுதான்.) மாதம் 500 வெள்ளி வேறுபாடு இரண்டாண்டு ஒப்பந்தத்தில் 12,000 வெள்ளியாகிவிடும் என்பதால் உட்லண்ட்ஸ்தான் லாபம் என்று தோன்றும். குடும்பத்துக்கு அப்படி இல்லை என்பது என் கருத்து.

முதலில், விரும்பிய புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) வீடு கிடைக்குமா என்பதே கேள்வி. மலேசியர் அல்லாத வெளிநாட்டினரும் நிரந்தரவாசிகளும் முழு வீவக வீட்டை வாடகைக்கு எடுப்பதற்கு வட்டாரத்தின் வீடுகளில் 8 விழுக்காடு, புளோக்கின் வீடுகளில் 11 விழுக்காடு என்ற உச்சவரம்பு இருக்கிறது. அது நிரம்பிவிட்டால் உரிமையாளர் சம்மதித்தாலும் அனுமதி கிடைக்காது. ஆகவே, வீடு பிடித்துப்போனவுடன் முன்பணத்தை நீட்டாமல், அந்த புளோக்கில் இடம் இருக்கிறதா என்று முகவரைப் பார்த்துச் சொல்லச் சொல்வது நல்லது. இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதாவது 3,000 வெள்ளி வீட்டுக்கு இரண்டாண்டுக்கும் சேர்த்து 288 வெள்ளி.

அடுத்தது அடுப்பு. நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் வீட்டுக்கார அம்மா அடுப்புக்கு மேலே சுவரில் பதித்திருந்த டைல்ஸை விரலால் தேய்த்துக் காட்டி, "பொரிப்பீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். 'லைட் குக்கிங் மட்டும்' (லேசான சமையல் மட்டும்) என்று ஒப்பந்தத்தில் இருந்தால், கடுகு வெடிக்கும் தாளிப்பும் ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவலும் அதற்குள் அடங்குமா என்பதைக் கையெழுத்திடும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

தேக்காவின் வசதியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சி, கறிவேப்பிலை, நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில், ரயிலில் ஒரே நிறுத்தத்தில் நகர மையத்தின் தோபி காட் நிலையம். மேற்சொன்ன உச்சவரம்பு அறை வாடகைக்குக் கிடையாது என்பதால், தனியாள் ஓர் அறை எடுத்துத் தங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கோ ஞாயிறு மாலைக் கூட்டமும் இரைச்சலும் விரைவில் அலுத்துவிடும்.

செங்காங்கை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் வடகிழக்கு ரயில் பாதை. வண்டி மாறாமல் ஒன்பதாவது நிறுத்தத்தில் லிட்டில் இந்தியா வந்துவிடுவதால், சனிக்கிழமை தேக்காவில் வாங்கிக்கொண்டு மதிய உலைக்கு வீடு திரும்பலாம். ரிவர்வேல் கிரசெண்டில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருக்கிறது. ஆனால், முகவர்கள் சொல்லும் 'ரயில் நிலையத்துக்கு அருகில்' என்பது சில புளோக்குகளுக்கு இலகு ரயில் (வட்டாரத்துக்குள் மட்டும் ஓடும் சிறு ரயில், எல்ஆர்டி) நிலையத்தைக் குறிக்கும். அங்கிருந்து நகருக்குப் போக இன்னொரு வண்டி மாற வேண்டும். அத்தகைய வீட்டுக்கு நூறு வெள்ளியாவது குறைத்துக் கேட்பதில் தவறில்லை.

உட்லண்ட்ஸிலிருந்து நகர மையத்துக்கு வடக்குத் தெற்குப் பாதையும் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையும் உண்டு. எதில் ஏறினாலும் வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒரு மணி நேரத்தை ஒதுக்க வேண்டியிருக்கும். ஜோகூர் பாருவில் உறவினர் உள்ளவர்களுக்கும் வடக்கில் வேலை பார்ப்பவர்களுக்கும் அந்த 3,000 வெள்ளி உண்மையிலேயே மலிவு. மேற்குக் கோடித் தொழிற்பேட்டையான துவாஸில் வேலை என்றால் இந்த மூன்றுமே வேண்டாம். மேற்கே பூன் லே, பயனியர் பக்கம் தேடலாம்.