தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் தண்டர்பேர்ட்: பல வருட உபயோகத்துக்குப் பிறகு

கம்பெனி டொமைனில் மெயில் வைத்திருக்கும் எந்த அலுவலகத்துக்கும் அடிக்கடி வந்து நிற்கிற மெயில் ஒன்று உண்டு. "உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்தில் உறுதி செய்யாவிட்டால் மெயில் நின்றுவிடும்" என்று இருக்கும். கீழே ஒரு பட்டன். அழுத்தினால் நம் வெப்மெயில் மாதிரியே ஒரு பக்கம் திறக்கும். அதில் பாஸ்வேர்டைப் போட்டால் போயிற்று, அது நேராகத் திருடன் கைக்குத்தான் போகும்.

இதை யார் நம்புகிறார்கள்? மெயில்பாக்ஸ் நிஜமாகவே நிரம்பி வழிகிற அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்தான். போன மாதம் பார்ட்டி அனுப்பிய ஆர்டர் இடமில்லாமல் திரும்பிப் போயிருந்தால், அந்தப் பயத்திலேயே பட்டனை அழுத்திவிடுவார். 5 ஜிபியில் 2 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்று தெரிந்தவர் அதே மெயிலைப் பார்த்த மாத்திரத்தில் அழித்துவிடுவார். அதனால் மெயிலை அடுக்கி வைப்பதையும் வைரஸிலிருந்து காப்பதையும் ஒரே வேலையாகத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே சொல்லப்போவது ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல், ஷூ கம்பெனிகளில் சாதாரணமாகக் காணும் அமைப்பைப் பற்றி. நான்கைந்து விண்டோஸ் சிஸ்டம், ஷேர்டு ஹோஸ்டிங்கில் கம்பெனி பெயரில் மெயில், அதைப் படிக்க மொசில்லாவின் தண்டர்பேர்ட். 2004-இல் முதல் பதிப்பு வந்தது முதல் இலவசம்தான். லைசென்ஸ் தொல்லை கிடையாது. பழைய சிஸ்டத்திலும் ஓடும்.

பாப்பா, ஐமேப்பா

பல அலுவலகங்களில் முதலில் பாப் முறையில்தான், அதாவது மெயிலை சர்வரிலிருந்து சிஸ்டத்துக்கு இறக்கிக்கொள்ளும் முறையில்தான், போட்டு வைத்திருப்பார்கள். இரண்டு சிஸ்டத்தில் ஒரே முகவரியை பாப்பில் போட்டு, சர்வரில் காப்பி வைக்கும் டிக்கை எடுத்துவிட்டால், எந்த சிஸ்டம் முதலில் மெயிலை இழுக்கிறதோ அதில்தான் மெயில் இருக்கும். இன்வாய்ஸ் ஒரு சிஸ்டத்தில், அதற்கு வந்த பதில் இன்னொன்றில் என்று சிதறும். ஷிப்மென்ட் நாளில் "அந்த மெயில் வரவே இல்லை" என்ற சண்டைக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும். ஒரு இடத்தில் படித்தால் எல்லா இடத்திலும் படித்ததாகக் காட்டும். ஆனால் ஒருவர் அழித்தால் எல்லோருக்கும் அழிந்துவிடும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இன்கமிங் போர்ட் 993. அவுட்கோயிங் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ்; இரண்டும் மெயிலை வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பும் முறைகள். சர்டிஃபிகேட் (சர்வரின் அடையாளச் சான்று) பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் "எக்ஸெப்ஷன்" கொடுத்து நகர்ந்துவிடாதீர்கள். ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி மெயில் சர்வர் பெயருக்கு சர்டிஃபிகேட் போடச் சொல்லுங்கள். எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் போகிற பழக்கம் கைக்கு வந்துவிட்டால், நிஜ ஆபத்து வருகிற அன்றும் கை தானாகத் தள்ளிவிடும்.

ஒரு மெயிலுக்காக மொத்த இன்பாக்ஸும் போவது

தண்டர்பேர்டில் நீண்ட நாள் ஓட்டியவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை தெரியும். அது ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரே பெரிய கோப்பாகத்தான் டிஸ்கில் வைக்கிறது. இன்பாக்ஸில் 12,000 மெயில் இருந்தாலும் டிஸ்கில் "இன்பாக்ஸ்" என்ற ஒரே கோப்பு. அதில் ஏதோ ஒரு மெயிலில் வைரஸ் இருந்து, ஆன்டிவைரஸ் அதைக் கண்டுபிடித்தால், அந்த ஒரு மெயிலை மட்டும் அதற்கு எடுக்கத் தெரியாது. கோப்பையே க்வாரன்டைனில், அதாவது தனியே பூட்டி ஒதுக்கும் இடத்தில், போட்டுவிடும். காலையில் வந்து திறந்தால் இன்பாக்ஸ் வெறிச்சோடிக் கிடக்கும். ஐமேப் என்றால் சர்வரிலிருந்து மறுபடி இறங்கிவிடும். பாப் என்றால் ஆன்டிவைரஸைத் திறந்து கோப்பை ரிஸ்டோர் செய்தால்தான் உண்டு. அவசரத்தில் "டெலீட்" அழுத்திவிட்டால் அதுவும் இல்லை.

தடுக்க வழி இருக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் ஆன்டிவைரஸ் என்று ஒரு பகுதி. வருகிற மெயிலைத் தனித்தனியாக க்வாரன்டைன் செய்ய அனுமதிக்கும் டிக் அங்கே இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள். பிறகு பாப் கணக்கில் ஒவ்வொரு புது மெயிலும் முதலில் தனிக் கோப்பாக இறங்கி, சோதனை முடிந்த பின்தான் இன்பாக்ஸோடு சேரும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று காம்பாக்ட். மெயிலை அழித்தாலும் அது அந்தப் பெரிய கோப்புக்குள் மறைந்துதான் கிடக்கும். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து காம்பாக்ட் கொடுத்தால்தான் இடம் திரும்பும். அழித்த வைரஸ் மெயிலும் அப்போதுதான் நிஜமாகப் போகும். காம்பாக்ட் ஓடும்போது கரன்ட் போனால் மெயில் பட்டியல் குழம்பிவிடும். தலைப்பு ஒன்று, திறந்தால் உள்ளே வேறு மெயில். பயப்பட வேண்டாம், ஃபோல்டர் பிராப்பர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் கொடுத்தால் பட்டியல் புதிதாக உருவாகும். யுபிஎஸ் பேட்டரி வலுவாக இருக்கும் சிஸ்டத்தில் மட்டும் காம்பாக்ட் ஓட்டுவது நல்லது. நம் ஊர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது.

நேரமும் ஃபில்டரும்

இத்தாலி, ஜெர்மனி பார்ட்டிகள் காலை 9 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே குளிர்காலத்தில் 1:30, கோடையில் 12:30. காலை முழுக்க இன்பாக்ஸையே பார்த்துக்கொண்டிருப்பதில் பலன் இல்லை. வந்ததும் ஒரு முறை, மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, மாலை 5 மணிக்கு ஒரு முறை என்று உட்கார்ந்தாலே போதும். புது மெயில் பாப்அப்பை அணைத்துவிடுங்கள். வேலை நடுவே எட்டிப் பார்க்கிற அவசரத்தில்தான் தப்பான அட்டாச்மென்ட் திறக்கப்படுகிறது.

ஃபில்டரை எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். தண்டர்பேர்டுக்குள் போட்ட ஃபில்டர் அந்த சிஸ்டத்தில் தண்டர்பேர்ட் திறந்திருந்தால்தான் வேலை செய்யும். முதலாளி போனில் பார்க்கும்போது எல்லாம் கலந்துதான் தெரியும். அதனால் பார்ட்டி வாரியாகப் பிரிப்பதை வெப்மெயிலில், சர்வர் ஃபில்டராகப் போடுவதே சரி. தண்டர்பேர்டில் டேக் மட்டும் போதும். கீபோர்டில் 1 முதல் 5 வரை ஐந்து டேக், 0 அழுத்தினால் டேக் போய்விடும். பதில் போட வேண்டியது 4 என்று எல்லோரும் ஒரே முறையில் வைத்துக்கொண்டால், யார் லீவில் போனாலும் அடுத்தவர் எடுத்து நடத்தலாம். வேலை முடிந்த மெயிலுக்கு ஏ அழுத்தினால் வருட வாரியாக ஆர்க்கைவுக்குப் போய்விடும்.

ஜங்க் சல்லடை நாம் கற்றுக் கொடுப்பதைப் பொறுத்துத்தான் தேறும். குப்பையை ஜே அழுத்திக் காட்டினால் மட்டும் போதாது. குப்பையில் தவறிப் போன நல்ல மெயிலை "நாட் ஜங்க்" என்று எடுத்துக் காட்டவும் வேண்டும். பாதி கற்றுக்கொடுத்துவிட்டு "ஜங்க் ஃபில்டர் சரியில்லை" என்று சொல்வது நியாயம் இல்லை.

வெளிப்படையான குறை ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் அவுட்லுக்கில் பழைய ரிச் டெக்ஸ்ட் முறையில் அனுப்பினால், இங்கே பேக்கிங் லிஸ்டுக்குப் பதில் "வின்மெயில் டாட்" என்ற ஒரு கோப்புதான் தெரியும். வைரஸ் என்று நினைத்துப் பலர் அழித்துவிடுகிறார்கள். அது வைரஸ் இல்லை, எச்டிஎம்எல் முறையில் மறுபடி அனுப்பச் சொன்னால் தீர்ந்தது.

அட்டாச்மென்ட்

பல இடங்களில் 25 எம்பி வரைதான் என்பார்கள். மெயிலில் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், ஆகவே கையில் இருப்பது 18 எம்பிக்குள் இருக்க வேண்டும். ஷிப்பிங் டாக்குமென்டை 300 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்வதை விட்டு 200 டிபிஐ கிரேஸ்கேலில் செய்தால் எழுத்தும் முத்திரையும் தெளிவாகத்தான் வரும், கோப்பு பல மடங்கு சின்னதாகும். தோல் சாம்பிள் போட்டோக்களை மட்டும் கலரை விட்டுக் குறைக்காதீர்கள், அவற்றை டிரைவ் லிங்க்காக அனுப்பலாம்.

வருகிற அட்டாச்மென்ட் விஷயத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை விண்டோஸில். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ போய் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" டிக் போடுங்கள். அது இல்லாவிட்டால் வால் பெயர் மறைந்துவிடும். "இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ" என்பது வெறும் "இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்" என்று தெரியும். 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய ஐ லவ் யூ வைரஸ் இதே வித்தையில்தான் வந்தது. வெளியே டிஎக்ஸ்டி, உள்ளே விபிஎஸ். இத்தனை வருடம் ஆகியும் அந்த வித்தை இன்னும் பலிக்கிறது என்பதுதான் வேதனை.

ஏற்றுமதி அலுவலகத்தைக் குறிவைத்து வரும் கோப்புகளின் பெயரெல்லாம் நமக்குப் பழகியவை. பர்சேஸ் ஆர்டர், ஸ்விஃப்ட் காப்பி, பில் ஆஃப் லேடிங், கூரியர் ஏர்வே பில், லேப் ரிப்போர்ட். ஐரோப்பாவுக்குப் போகும் தோலில் "குரோமியம் 6" என்ற நச்சு ரசாயனம், கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்ற விதி இருப்பதால், "டெஸ்ட் ஃபெயில்" என்ற தலைப்பில் மெயில் வந்தால் யாருக்கும் பதைக்கத்தான் செய்யும். அந்தப் பதற்றம்தான் அவர்களுக்கு வேண்டியது. லேப்பிலிருந்து வரும் ரிப்போர்ட் பொதுவாக பிடிஎஃப். அது ஜிப்பாகவோ, ஐஎஸ்ஓவாகவோ (சிடி மாதிரித் திறக்கும் கோப்பு), பாஸ்வேர்ட் போட்டு அந்தப் பாஸ்வேர்டை மெயிலிலேயே எழுதியோ வந்தால் திறக்கவே வேண்டாம். பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸ் பார்க்க முடியாது, பூட்டி அனுப்புவதே அதற்காகத்தான்.

வேர்ட், எக்ஸெல் கோப்பு "எனேபிள் கன்டென்ட்" கேட்டால் கை வைக்காதீர்கள். இன்டர்நெட்டிலிருந்து வந்த கோப்பில் மேக்ரோ (கோப்புக்குள் ஒளிந்திருக்கும் சின்ன புரோகிராம்) ஓடாதபடி மைக்ரோசாஃப்ட் 2022-லேயே தடுப்பு வைத்துவிட்டது. ஆனால் பழைய ஆபீஸ் பதிப்பு போட்ட சிஸ்டங்களில் அது கிடையாது. சந்தேகக் கோப்பை வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார்க்கலாம், பல ஆன்டிவைரஸ்களின் முடிவு ஒரே இடத்தில் வரும். பார்ட்டியின் விலைப்பட்டியலையோ பேங்க் பேப்பரையோ மட்டும் அதில் ஏற்றாதீர்கள், ஏற்றிய கோப்பு மற்ற பாதுகாப்பு நிறுவனங்களின் பார்வைக்கும் போகும்.

ஆன்டிவைரஸுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். சிஸ்டத்தோடு வந்த டிரையல் காலாவதியாகிக் கிடந்தால் அதை முழுதாக நீக்குங்கள், டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். மெயில் பார்ப்பவரின் விண்டோஸ் கணக்கு அட்மின் கணக்காக இருக்கக்கூடாது. விண்டோஸ் 10-க்கு சாதாரண அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

பேங்க் கணக்கு மாறியதாக வரும் மெயில்

வைரஸைவிடப் பெரிய நஷ்டம் இதில்தான். பாஸ்வேர்ட் திருடியவன் உடனே எதுவும் செய்ய மாட்டான். வாரக்கணக்கில் மெயிலைப் படித்துக்கொண்டு சும்மா இருப்பான். இன்வாய்ஸ் போகும் நேரம் பார்த்து, நம் பெயரில் பார்ட்டிக்கு, "எங்கள் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று எழுதுவான். முகவரியில் எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் சேர்த்துப் போட்டிருப்பான். சின்ன எழுத்தில் கண்ணுக்குத் தெரியாது. கெமிக்கல் இறக்குமதி செய்பவர்களுக்கு இதே மெயில் எதிர்த்திசையில் வரும்.

கண்டுபிடிக்க, மெயிலைத் திறந்து கண்ட்ரோலும் யுவும் சேர்த்து அழுத்துங்கள். மெயிலின் மூல வரிகள் முழுதும் தெரியும். அனுப்பியவர் முகவரியும் ரிப்ளை-டூ முகவரியும் வேறு வேறாக இருக்கிறதா, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் நிஜமாகவே அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சோதிக்கும் முறைகள்) மூன்றும் பாஸா என்று பாருங்கள். மூன்றும் பாஸ் என்பதாலேயே நம்பிவிடக் கூடாது, போலி டொமைனுக்கும் அதை முறையாகப் போட்டுக்கொள்ளலாம். கடைசியில் போன்தான். மெயிலில் எழுதியிருக்கும் நம்பருக்குப் போடாமல், பழைய ஃபைலில் இருக்கும் நம்பருக்குப் போட்டுக் கேளுங்கள். வெள்ளி மாலை இப்படி ஒரு மெயில் வந்தால் சனி, ஞாயிறு அங்கே போன் எடுக்க ஆள் இருக்காது. அதைக் கணக்குப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். திங்கள் மதியம் வரை பணம் நகரக்கூடாது.

நம் பெட்டிக்குள் ஆள் புகுந்ததாகச் சந்தேகம் வந்தால் பாஸ்வேர்ட் மாற்றினால் மட்டும் போதாது. வெப்மெயிலில் ஃபார்வர்டர், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். "இன்வாய்ஸ்" என்ற சொல் வரும் மெயிலையெல்லாம் வெளி முகவரிக்கு அனுப்பும் ஒரு வரி அங்கே உட்கார்ந்திருக்கலாம். அது இருக்கும்வரை எத்தனை பாஸ்வேர்ட் மாற்றினாலும் கடிதம் போய்க்கொண்டே இருக்கும். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே பேங்குக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் போன் போடுங்கள். சம்பவத்தை மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-இல் வந்த உத்தரவு.

நம் டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்க வேண்டும். ஹோஸ்டிங் மாற்றும்போது பழையதை எடுக்காமல் புதிதாக ஒன்று சேர்த்தால் இரண்டும் செல்லாமல் போகும், நம் மெயில் பார்ட்டியின் ஸ்பாமில் விழும். டிமார்க்கை முதலில் வெறும் கண்காணிப்பில் வைத்து, ரிப்போர்ட் பார்த்த பின் க்வாரன்டைன், பிறகு ரிஜெக்ட் என்று ஏற்றுங்கள்.

பேக்கப்

ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனால் புரொஃபைல் ஃபோல்டர் எங்கே என்று காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தால் மெயில், அட்ரஸ் புக், ஃபில்டர் எல்லாம் வந்துவிடும். சேமித்த பாஸ்வேர்டும் அதிலேயே போவதால் அந்த டிஸ்க் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். காப்பி பாதியில் நின்று "கோப்பு மிகப் பெரியது" என்று வந்தால் பென்டிரைவின் பிராப்பர்ட்டீஸைப் பாருங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால், 64 ஜிபி காலியாக இருந்தாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டாகவோ என்டிஎஃப்எஸ்ஸாகவோ மாற்றி எடுக்க வேண்டும். காப்பி முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். சிஸ்டத்தில் செருகியே கிடந்தால், ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வரும் அன்று அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேறொரு சிஸ்டத்தில் அந்தக் காப்பியைத் திறந்து, போன வருட இன்வாய்ஸ் மெயில் ஒன்றைத் தேடி, அட்டாச்மென்ட் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.