மழைக்காலத்தில் வெண்கலம் வார்க்கக் கொடுத்தேன்: சுவாமிமலைப் பட்டறை ஒன்றின் வேலை பற்றி

கும்பகோணத்தில் சிற்பம் படிக்கிறேன், கடைசி வருடம். இந்த செமஸ்டருக்கு உலோகத்தில் ஒரு கம்போசிஷன் வைக்க வேண்டியிருந்தது. சுவாமிமலையில் ஒரு சின்னப் பட்டறையில் வார்க்கக் கொடுத்தேன். எங்கே கொடுத்தாய், எவ்வளவு ஆச்சு, நன்றாக வந்ததா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கொரு தடவை சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பட்டறைக்கு போர்டு கிடையாது. கடைத்தெருவில் இருந்து பிரியும் ஒரு சந்தில், வாசலில் வரட்டி அடுக்கிய ஓட்டு வீடு. ஸ்தபதி ஐயா, அவர் மகன், கூட வேலை செய்யும் இரண்டு அண்ணன்கள், மொத்தம் நாலு பேர். பெரும்பாலும் கோயிலுக்கும் வீட்டுப் பூஜைக்கும் விக்கிரகம் செய்கிறவர்கள். மாணவர் வேலை அவர்களுக்குப் பெரிய வரும்படி இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் போனேன்.

போன வருடம் நான் பட்ட பாட்டை முதலில் சொல்ல வேண்டும். வேறொரு இடத்தில், ஊர் பேர் வேண்டாம், ஒரு சின்ன ஆட்டுக்குட்டியை வார்க்கக் கொடுத்திருந்தேன். பத்தே நாளில் தருகிறேன் என்றார்கள், தந்தார்கள். கையில் வாங்கும்போது பளபளவென்று இருந்தது. ஹாஸ்டலுக்கு வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், வயிற்றுப் பக்கம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓட்டையை மக்கு (புட்டி) வைத்து அடைத்து மேலே பெயின்ட் பூசியிருக்கிறார்கள். ஒரு காதே மக்கு. அன்று இரவு முழுக்க அழுதேன். உலோகத்தில் வேலை செய்யும் ஆசையே அந்த ஒரு காதோடு போய்விடும்போல இருந்தது.

மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவதுதான் இந்த வார்ப்பு முறை. இந்தத் தடவை நான் மெழுகில் செய்தது என் அப்பாயியை, அப்பாவின் அம்மாவை. நாற்று நடும் கோலம். இடது முழங்கை தொடைமேல் ஊன்றி, அந்தக் கையில் நாற்று முடி, அதாவது நாற்றுக் கட்டு. வலது கை சேற்றுக்குள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருப்பாள். உயரம் ஒன்பது அங்குலம்தான், ஆனால் அவள் நிமிர்ந்தால் பதினாறு வரும். அந்த முதுகுக்காக மட்டும் இருநூறு ஸ்கெட்ச் போட்டேன். நடவுக்குப் போகும் பெண்களின் முதுகு ஒரே வளைவாக இருக்காது. இடுப்புக்கு மேலே ஒரு மடிப்பு, தோள்பட்டைக்குக் கீழே இன்னொன்று. என் அப்பாயிக்கு அது நின்றாலும் மாறாது.

மெழுகு என்றால் மெழுகுவத்தி மெழுகை நினைக்காதீர்கள். தேன்மெழுகோடு குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டு, கொஞ்சம் கடலை எண்ணெய் ஊற்றிக் காய்ச்சி வடிகட்டுவது. வெயில் காலத்தில் குங்கிலியம் கூட, குளிரில் எண்ணெய் கூட. கையில் பிசைந்தால் இளகும், பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீர்ச் சட்டியில் முக்கினால் இறுகும். இந்தக் கலவையை அந்தப் பட்டறையிலேயே அரைக் கிலோ வாங்கினேன். கடையில் கிடைக்கும் பாரஃபினில் விரல் செய்யப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நகக்கண்கூட நிற்கிறது.

நவம்பர் 18 அன்று மெழுகை எடுத்துக்கொண்டு போனேன். சப்மிஷன் டிசம்பர் 8, திங்கட்கிழமை. நடுவில் எனக்கு இருந்த மற்ற வேலைகள்: கருங்கல்லில் பாதி நிற்கும் ஒரு ரிலீஃப் (புடைப்புச் சிற்பம்), களிமண் தலை ஒன்றை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் மோல்டு எடுப்பது, கலை வரலாறு தேர்வு, ரெக்கார்டு. கை முழுக்கக் கல்தூள் வெடிப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு ஹாஸ்டல் வராந்தாவில் ஐந்து பேர் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டிருப்போம். ஒருத்தி தேர்வுக்கு வாசித்துச் சொல்ல, மற்றவர்கள் அரத்தோடு உட்கார்ந்து கேட்போம்.

ஐயா மெழுகை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேசவில்லை. பிறகு கேட்டார்.

"முதுகுல இவ்வளவு வேல பண்ணிருக்கியே பாப்பா, யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லைங்க ஐயா, பாத்துப் பண்ணது."

"தஞ்சாவூர் போயி ரிஷபவாகனர் முதுகப் பாத்துட்டு வா. பாத்தவங்க முதுக வுடமாட்டாங்க."

அடுத்த ஞாயிறு தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனேன். ரிஷபத்தின் மேல் கை சாய்த்து நிற்கும் சிவன், திருவெண்காட்டில் இருந்து வந்த வெண்கலச் சிலை, 1011ஆம் வருடத்தது. சாய்ந்து நிற்க ரிஷபம் இல்லை, கை மட்டும் காற்றில் சாய்ந்திருக்கிறது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். பக்கவாட்டில் நகர்ந்து எட்டின மட்டும் முதுகைப் பார்த்தது அன்றுதான். எனக்கு ஒரு அரை நாள் போனது, ரெக்கார்டு வேலை பிந்தியது. அதற்காக வருத்தமே இல்லை.

பட்டறை வேலைக்கு வருகிறேன். முதலில் எடை. என் மெழுகு 410 கிராம் இருந்தது. வெண்கலம் மெழுகைவிட ஒன்பது மடங்கு கனம், அதனால் உலோகம் 3.7 கிலோ வரும் என்று என் கண் முன்னாலேயே கணக்குப் போட்டுச் சொல்லி, கிலோவுக்கு 1,900 ரூபாய் என்று பேசினார். முடிந்த பிறகு நிறுத்தபோது சரியாக அதற்கு முப்பது கிராம் குறைவு. 7,000 வாங்கிக்கொண்டார். செம்பு விற்கிற விலைக்கு இது நியாயம் என்றே நினைக்கிறேன். செம்பு, பித்தளை, கொஞ்சம் ஈயம், அவ்வளவுதான் கலவை. பூஜை விக்கிரகமானால் துளி தங்கமும் வெள்ளியும் சேர்ப்பார்களாம்.

அடுத்து அவர் செய்ததுதான் போன வருடத்து இடத்தில் நடக்காதது. உலோகம் எந்த வழியாக உள்ளே போகும், காற்று எந்த வழியாக வெளியே வரும் என்று என்னை உட்காரவைத்து விளக்கினார். வலது கை மெல்லிசு, உடம்பைத் தாண்டிக் கடைசியில் அங்கே போய்ச் சேருவதற்குள் உலோகம் ஆறிவிடும், விரல் விழாது, அதாவது முழுதாக உருவாகி வராது. அதனால் மார்பில் இருந்து மணிக்கட்டுக்குப் பென்சில் கனத்தில் ஒரு மெழுகுக் குச்சியை வைத்து, சுட்ட கரண்டியால் ஒட்டினார். நாற்று முடிக்குத் தனியாக ஒன்று. காற்றுக்கு மூன்று. என் அப்பாயி குச்சிகளுக்கு நடுவே பந்தல்கொடிபோல் மாட்டிக்கொண்டு நின்றாள். வார்த்தபின் இவை எல்லாமே உலோகமாக வரும், வெட்டி எடுக்க வேண்டும். "வெட்டுற எடத்த நீயே சொல்லு, எங்க வெட்டுனா உனக்குச் சிரமம் இல்லையோ அங்க ஒட்டுறேன்" என்றார். ஆட்டுக்குட்டிக்கு இப்படி யாராவது ஒரு குச்சி வைத்திருந்தால் அந்தக் காது வந்திருக்கும்.

பிறகு மண். முதல் பூச்சு காவிரி வண்டல், மாவுபோல் சலித்தது, கருக்கிய உமியும் சாணியும் சேர்த்து அரைத்தது. அதை விரலால் தொட்டுத் தொட்டு, புருவத்துக்குள்ளும் நகத்துக்குள்ளும் போகும்படி வைக்கிறார்கள். மெழுகில் இருக்கும் கைரேகைகூட இந்த மண்ணில் பதியும். சுவாமிமலையில் இந்தத் தொழில் வேர்விட்டதற்கு இந்த மண்தான் காரணம் என்று வகுப்பில் படித்தது, என் விரலில் வழவழவென்று ஒட்டியபோதுதான் புத்தியில் ஏறியது. அதன்மேல் கரடான மண், அதன்மேல் மணல் கலந்த மண், கட்டுக்கம்பி சுற்றி மறுபடி மண். ஒவ்வொரு பூச்சும் நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

காய வேண்டும் என்கிற இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கார்த்திகை மாதம். மாதக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. பட்டறை ஓட்டில் இருந்து ஒழுகியது. ஒரு நாளில் காய்கிற பூச்சு மூன்று நாள் எடுத்தது. போன் போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள் (இது இந்தப் பட்டறையின் பெரிய குறை, எழுதிக்கொள்ளுங்கள்), ஆகவே வகுப்பு முடிந்ததும் டவுன் பஸ் ஏறிப் போய் நிற்பேன். டிசம்பர் 4 வியாழக்கிழமை போனபோது அச்சு முழுதாகக் கட்டி முடித்திருந்தது. பலாக்காய் அளவு. நாளைக்கே ஊற்றிவிடுங்கள் ஐயா, சனி ஞாயிறு நான் அரம் போட வேண்டும் என்று கெஞ்சினேன். குரல் உடைந்துவிட்டது. நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

அவர் அச்சைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தார்.

"கன்னத்துல வச்சுப் பாரு."

வைத்தேன். சில்லென்று இருந்தது.

"உள்ள ஈரம் இருக்கு. தொட்டா காஞ்சாப்ல தெரியும், கன்னம் ஏமாறாது. இத நெருப்புல வச்சா தண்ணி ஆவியாகி மண்ணப் பொளந்துரும். ஊத்துற நேரத்துல ஈரம் இருந்தா உலோகம் எகிறி எம் பையன் மூஞ்சில அடிக்கும். நீ நாளைக்குன்னு கேட்டா நான் மாட்டேன். வேற எடம் பாக்குறதுன்னா எடுத்துட்டுப் போ, மண்ணு வேலைக்குக் காசு வேணாம்."

கோபம் வந்தது, உண்மை. வாசலில் நின்று அழுதேன். அவர் மகன் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு ஐயா, உலோகம் உருக்கும் அறையில் ஒரு மூலையில் வரட்டித் தணலைச் சுற்றிலும் பரப்பி, நடுவில் செங்கல் மேல் அச்சை வைத்தார். நெருப்பு படாது, அனல் மட்டும் படும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பி வைக்க வேண்டும். ராத்திரியிலும் திருப்பியிருக்கிறார்கள். அதற்கு என்னிடம் தனியாக எதுவும் வாங்கவில்லை.

சனிக்கிழமை மாலை மறுபடி கன்னத்தில் வைக்கச் சொன்னார். கதகதவென்று, தூங்கும் குழந்தையின் முதுகுபோல இருந்தது. அன்றிரவு ஊற்றினார்கள்.

முதலில் அச்சைச் சுட்டு மெழுகை வடித்தார்கள். ஒரு மாதம் நான் உருட்டிய விரல்கள், அந்த முதுகு, எல்லாம் புகையும் எண்ணெயுமாக ஒரு தட்டில் ஒழுகியது. உள்ளே இனி வெற்றிடம் மட்டும். வார்ப்பு சரியாக வராவிட்டால் திரும்பச் செய்ய என்னிடம் எதுவும் இல்லை. சூடு ஆறுமுன் அச்சைக் குழியில் வாய் மேலாக இறக்கி, சுற்றிலும் மண் போட்டு மிதித்தார்கள். உலோகம் உருக்கிய மண்பாத்திரமான மூசையை இடுக்கியில் தூக்கியபோது அறையே ஆரஞ்சு நிறமானது. ஆயிரம் டிகிரியைத் தாண்டிய சூடு. ஐயா சட்டை இல்லாமல், வெற்றுக் காலோடு (இது எனக்குப் பயமாக இருந்தது, பூட்ஸ் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்) நூல்போல, விட்டுப்போகாமல் ஊற்றினார். எல்லோரும் மூச்சு விடாமல் நின்றோம். காற்று வழியில் உலோகம் ஒரு பொட்டாக எட்டிப்பார்த்ததும் நிறுத்தினார். முழுக்க ஒரு நிமிஷம்கூட இருக்காது.

ஞாயிறு காலை உடைத்தோம். முதல் அடியை என்னை அடிக்கச் சொன்னார். மண் கழன்று கரியாக ஒரு முதுகு தெரிந்தது. இரண்டு மடிப்பும் இருந்தன. வலது கையைத் தேடினேன். ஐந்து விரல். நாற்றுத் தாள்களில் இரண்டு மட்டும் நுனி விழவில்லை. பிறகு ஐயாவே இடது முழங்காலுக்குப் பின்னால் ஒரு மிளகு அளவு ஓட்டையைக் காட்டினார். நான் கவனித்திருக்கவே மாட்டேன். "இது எங்க வேலையில வந்த குத்தம். அதே உலோகத்துல அடச்சுத் தர்றேன், மக்கு வைக்க மாட்டேன்" என்று சொல்லி, ஒரு சின்ன ஆணியாகச் செய்து அடித்து, அரத்தால் சமன் செய்தார். இப்போது எனக்கே இடம் தெரியவில்லை.

குச்சிகளை வெட்டி, உளியும் அரமும் போட அன்று ராத்திரி இரண்டு மணி வரை அவர்கள் திண்ணையிலேயே உட்கார இடம் கொடுத்தார்கள். ஐயா வீட்டு அம்மா தோசை போட்டுக் கொடுத்தார்கள். புளியும் பூந்திக்கொட்டையும் வைத்துத் தேய்த்ததில் முகம், முதுகு, கைகள் வெளுத்தன. சேலை மடிப்பில் கரி அப்படியே நின்றது. நேரம் இல்லாததால் விட்டேன், இப்போது பார்த்தால் அதுதான் சேறுபோல இருக்கிறது, இனித் தேய்க்க மாட்டேன். திங்கள் காலை பத்து மணிக்கு மேஜைமேல் வைத்தேன். கருங்கல் ரிலீஃப் அரைகுறையாகத்தான் போனது, அதற்கு மார்க் குறையும்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். ரசீது கிடையாது, நோட்டில் எழுதிக்கொள்வார்கள், நீங்களும் எழுதி வாங்குங்கள். பாட்டினா, அதாவது உலோகத்தின் மேற்பரப்புக்கு நிறம் ஏற்றுவது, அவர்கள் செய்வதில்லை. தேதி சொன்னால் அதோடு ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள், மழையானால் இரண்டு வாரம். கிருத்திகையில் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது, மெழுகை எடுத்துக்கொண்டு அன்று போகவே போகாதீர்கள். மதிய வெயிலிலும் வேண்டாம், மெழுகு குழைந்துவிடும். ஈரத்துணி சுற்றி, டிபன் கேரியரில் வைத்து எடுத்துப் போங்கள். மெழுகை முடித்துவிட்டுப் போகாமல் முக்கால்வாசியில் ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த இடம் விழாது என்று அப்போதே சொல்லிவிடுவார்.

என் அடுத்த மெழுகு அப்பாயியும் அவள் கூட்டாளிகளும், ஒரே வரிசையில் நாலு பேர். மாசியில் கொண்டுபோகப் போகிறேன். அதற்குள் பட்டறைக் கூரை ஓடுகளை மாற்றிவிடுவதாக ஐயா சொல்லியிருக்கிறார்.