புல்லட்டுக்குப் பின்னால் டிரெய்லரா, பக்கத்தில் பெட்டியா: ராமநாதபுரம் கரையில் ஒரு மடக்குக் கூடாரம்

பைக்கின் பின்னால் கட்டி இழுக்கிற மடக்குக் கூடார டிரெய்லர் வாங்க நினைக்கிறவர்கள் எடை எவ்வளவு, எத்தனை பேர் படுக்கலாம், விரிக்க எத்தனை நிமிஷம் என்றுதான் விசாரிக்கிறார்கள். தொண்டியில் தொடங்கி மூக்கையூர் வரைக்கும் வருஷக்கணக்காக மடக்குக் கூடாரத்தோடு ஓட்டிக்கொண்டிருப்பவன் சொல்கிறேன், இந்தக் கரையில் அந்த மூன்றும் இரண்டாம் பட்சம். உப்பு எங்கே போய் உட்காரும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், உடைந்தால் எந்த ஊரில் யார் சரிபண்ணுவார் என்பதுதான் முதல் கேள்வி. அப்படிப் பார்த்துப் பார்த்து, கடைசியில் என்னிடம் வந்து நிற்பது டிரெய்லரே இல்லை. பழைய ஸ்டாண்டர்டு புல்லட்டின் இடது பக்கம் மாட்டிய சைடுகார், அதாவது ஒற்றைச் சக்கரப் பெட்டி. அதன் மேல் விரிந்து மடங்குகிற கூடாரம்.

டிரெய்லரை ஏன் விட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இந்த மாதிரி டிரெய்லர்கள் பல வருஷமாகவே புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டு சின்னச் சக்கரம், மேலே ஒரு பெட்டி. மூடியைத் திருப்பிப் போட்டால் அதுவே கட்டில், கூடவே கூடாரமும் எழும்பிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் அங்கே அதை இழுப்பது 1,800 சிசி கோல்ட்விங் மாதிரியான யானைகள். டிரெய்லர் காலியாகவே 100 கிலோவைத் தாண்டும்; சாமானையும் ஏற்றினால் என் புல்லட்டின் எடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். 346 சிசி, 18 குதிரைத்திறன் உள்ள வண்டி அதை இழுக்கும், சந்தேகமில்லை. நிறுத்துவதுதான் கஷ்டம். பிரேக் பிடிக்கும்போது பின்னாலிருந்து தன் எடைக்கு ஒரு எடை தள்ளினால் பின்சக்கரம் பக்கவாட்டில் போகப் பார்க்கும்.

இன்னொன்று சட்டம். 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்பதற்கான விளக்கத்திலேயே கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரும் அடங்கிவிடுகிறது. டிரெய்லரோ அதே சட்டப்படி தனியாக ஒரு மோட்டார் வாகனம். பட்டறையில் பற்றவைத்து, பைக்கில் கொக்கி போட்டு, அப்படியே ரோட்டில் இறக்கிவிட முடியாது. அதற்குப் பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். சைடுகாருக்கும் ஆர்.டி.ஓ அனுமதி வாங்கி ஆர்.சி.யில் மாற்றத்தை ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் முட்டுச்சந்து இல்லை. டிரெய்லர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்கள் முதலில் உங்கள் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள், அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பைக் சாயும்போது கூடவே சுழன்று கொடுக்கிற கொக்கியா? ஏற்றிய எடையில் பத்தில் ஒரு பங்காவது அந்தக் கொக்கியின் மேல் உட்காருகிறதா? பாரம் பின்னால் தேங்கினால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் அடக்குவது பெரும்பாடு.

மூன்றாவது, மணல். கடற்கரை மண்பாதையில் பைக்கின் தடம் ஒன்று, டிரெய்லர் சக்கரங்களின் தடம் இரண்டு, ஆக மூன்று தடம் வெட்ட வேண்டும். சைடுகாருக்கு இரண்டு போதும், மாட்டுவண்டித் தடத்திலேயே ஓட்டிவிடலாம். புதுமடம் பக்கத்துத் தோப்புகளுக்குள் போகும்போது இந்த ஒரு காரணத்துக்காகவே என் தேர்வு சரி என்று தோன்றும்.

இனி வண்டி. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலப் பெட்டி. மூடி வெளிப்பக்கம் திரும்பி இரண்டு இரும்புக் காலில் நிற்கும். மொத்தம் ஐந்தடி அகலத்துக்குப் படுக்கை. இரண்டு வளைவுக் கம்பி, அதன் மேல் பருத்திக் கித்தான். தரைப்பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். அதைவிட மலிவான பலகையை இந்தக் காற்றில் போடாதீர்கள், ஒரு மழைக்காலத்திலேயே ஓரம் பிரிந்து உப்பிவிடும்.

பெட்டிச் சுவர் பைபர். இதைத்தான் நான் ரொம்ப யோசித்து முடிவு செய்தேன். தகரம் வைத்திருந்தால் அடி வாங்கினால் தட்டலாம், ஆனால் துருப்பிடிக்கும். அலுமினியம் இலகு, ஆனால் அதில் எவர்சில்வர் போல்ட் போட்டு உப்புத் தண்ணீர் பட்டால் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பைபருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதோடு, மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரைக்கும் பைபர் வள்ளம் இல்லாத மீனவக் கிராமமே இல்லை. வள்ளம் இருக்கிற இடத்தில் ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் இருக்கும், ஒட்டத் தெரிந்த கையும் இருக்கும். ஒரு முறை வேதாளை பக்கம் பனங்கட்டையில் மோதி பெட்டியின் மூலை விரிந்துவிட்டது. வள்ளத்துக்கு அடிப்பலகை ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "இது என்னண்ணே, கூடு கட்டிக்கிட்டுத் திரியிறீங்க?" என்றார். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு அடுக்கு மேட் வைத்து ரெசினைத் தடவி, வெயிலில் காயவிட்டு, டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. நிறம் மட்டும் வள்ளத்தின் நீலம். நான் மாற்றவே இல்லை.

பெட்டியைத் தாங்கும் சட்டம் (ஃபிரேம்) மட்டும் இரும்பு. வெல்டிங் எல்லாம் முடிந்தபிறகு முழுசாகத் துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. பெயிண்ட் அடித்த சட்டத்தைக் காட்டி, "இது ஆயுசுக்கும் வரும்" என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். வெல்டிங் போட்ட இணைப்பில்தான் முதலில் பழுப்பு கசியும். எனக்கு இதைச் செய்து கொடுத்த பட்டறை எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, முக்கி எடுத்த பிறகு விளக்கு மாட்ட நாலு துளை போட்டது. இன்றைக்கும் வண்டியில் துரு உள்ள இடம் அந்த நாலு துளைதான். வருஷம் ஒரு முறை சுரண்டி, துத்தநாகப் பெயிண்ட் தடவி ஒப்பேற்றுகிறேன். துளை எதுவானாலும் முக்குவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள்.

கீல்கள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எவர்சில்வர் என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் 304 ரகம். சமையலறைக்குப் போதும், கடலோரத்தில் அதிலும் தேநீர்க் கறை மாதிரி புள்ளி விழும். 316 ரகத்தில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். விலை கூடத்தான். முழு வண்டிக்கும் 316 போட வேண்டியதில்லை, அசைகிற உறுப்புகளுக்கு மட்டும் போட்டால் போதும். மூடியின் மூன்று கீல், கால்களின் ஊசி, கம்பி வளைவின் மூட்டு. மற்ற இடத்துக்கு 304 போதும். கூடாரத்தின் ஜிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மெழுகுவர்த்தியை மேலும் கீழும் தேய்த்து விட்டால் மணலிலும் ஓடும்.

இவ்வளவு செய்தாலும் கழுவாவிட்டால் எல்லாம் வீண். இங்கேதான் வீட்டில் தகராறு. ராமநாதபுரத்தில் நல்ல தண்ணீரின் அருமை தெரியாதவர் யார்? ஊற்றுத் தண்ணீரே பாதி உவர்ப்பு. "குடிக்கிற தண்ணிய வண்டிக்கு ஊத்துறீங்களாக்கும்" என்று என் மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது. பூச்சி மருந்து அடிக்கிற கைப் பம்பு ஒன்று வாங்கினேன். ஒரு குடத்துக்கும் குறைவான தண்ணீரில் சட்டத்தின் அடிப்பக்கம், கீல், பேரிங் மூடி எல்லாவற்றையும் பீய்ச்சிவிடலாம். பிரச்சினை ஓய்ந்தது, பேச்சு ஓயவில்லை.

சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சைடுகாருக்குப் பழைய சேட்டக் ஸ்கூட்டர் சக்கரம் போடச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னார்கள். டயர் எங்கும் கிடைக்கும், உண்மை. ஆனால் பத்து அங்குலச் சக்கரம் மணலில் புதையும். என் புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 19 அங்குலம், சைடுகாருக்கும் அதையே மாட்டினேன். மூன்று சக்கரத்துக்கும் ஒரே ட்யூப் ஸ்பேர். சீமைக் கருவேல முள் உள்ள மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஓட்டுவது பைக் ஓட்டுவது மாதிரி இருக்காது, மறந்துவிடுங்கள். சாய்த்துத் திருப்ப முடியாது. ஹேண்டிலைத் தள்ளித் திருப்ப வேண்டும், தோள் வலிக்கும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வண்டி இடது பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலது பக்கம், அதாவது எதிரே வருகிற வண்டியின் பக்கம் போகும். அதனால் சைடுகார் சக்கரத்துக்கும் டிரம் பிரேக் வைத்து, பின் பிரேக் மிதியோடு இணைத்தே ஆக வேண்டும். இதை வேண்டாம் என்று சொல்கிற பட்டறையை விட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள். இடது வளைவில் வேகமாகப் போனால் சைடுகார் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். பின் டயர் நடுவில் தட்டையாகத் தேயும். மைலேஜ் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஐம்பதுக்கு மேல் நான் போவதில்லை.

பாம்பன் பாலத்தில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு சூட்சுமம் உண்டு. ராமேஸ்வரம் போகும்போது காற்று வலது பின்பக்கமிருந்து வருகிறது. அது வண்டியைச் சைடுகார் பக்கமாகத் தள்ளும். மூன்று காலில் நிற்கிற வண்டி அசையாது. திரும்பி மண்டபம் வரும்போதுதான் கவனம் வேண்டும். காற்று இடது முன்பக்கமிருந்து நேரே பெட்டியில் மோதும், அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும். போகும்போது இருந்த அரிசி, தண்ணீர், பழம் எல்லாம் தீர்ந்து பெட்டியும் காலியாக இருக்கும். ஆகவே கிளம்புமுன் ஒரு இருபது லிட்டர் கேனை நிரப்பிப் பெட்டியின் வெளிப்பக்கத்து ஓரத்தில் வைத்துக்கொள்வேன். 1988இல் திறந்த இந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் சுற்றுலா பஸ்கள் புது ரயில் பாலத்தைப் பார்க்க நின்றுவிடும், அப்போது திடீர் பிரேக்கும் போட வேண்டி வரும். மூடி உயரமான பெட்டி என்றால் நான் அந்தக் காற்றில் பாலத்தில் ஏறவே மாட்டேன். அதனால்தான் என் பெட்டி மூடியபின் புல்லட்டின் டேங்க் உயரத்தைத் தாண்டாது.

எங்கே தங்குவது என்பதையும் காற்றுதான் சொல்லும். பாம்பன் மீனவர்கள் வடகடல், தென்கடல் என்று பிரித்துப் பேசுவார்கள். கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் குளம் போல் கிடக்கும். அப்போது அரியமான், தேவிபட்டினம், திருப்பாலைக்குடி. வாடை, அதாவது வடகிழக்குக் காற்று தொடங்கினால் அப்படியே மாறிப்போகும். அப்போது பெரியபட்டினம், வாலிநோக்கம். இதைத் தெரிந்துகொண்டால் கூடாரத்தின் ஆயுள் கூடும். பைக் இருக்கும் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி நிறுத்துங்கள், வாசல் எதிர்ப்பக்கம் வரும்படி. ஆணி மணலில் நிற்காது. உரச் சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி முழங்கால் ஆழத்தில் புதைத்தால் எந்தக் காற்றுக்கும் பிடுங்காது.

தங்கும் இடம் பற்றி இன்னொரு விஷயம், இதை டிரெய்லர் விற்கிறவர் யாரும் சொல்ல மாட்டார். இது எல்லைக் கடல். இரவில் கரையோரம் புதுசாக ஒரு பெட்டி நின்றால் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். புதுமடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நடுராத்திரி டார்ச் வெளிச்சம் கித்தானில் விழுந்தது. மரைன் போலீஸ்காரர் ஒருவர், கூடவே ஊர்க்காரர் ஒருவர்.

"யாரு உள்ள? எங்கிட்டு இருந்து வர்றீங்க?"

"ராம்நாடுதான் சார். தோப்புக்காரர்கிட்டச் சொல்லிட்டுத்தான் படுத்திருக்கோம்."

"குடும்பமா? சரி சரி. ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் படுக்கக் கூடாதா சார், நாங்க ரெண்டு மைல் நடந்து வந்தோம்."

அன்றிலிருந்து சாயங்காலமே ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு, ஊர்ப் பெரியவரிடமும் சொல்லிவிட்டுத்தான் கூடாரத்தை விரிக்கிறேன். தனுஷ்கோடியில் இரவு தங்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள், இருட்டுவதற்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிட வரும் மணல்மேட்டில் விளக்கு போடாதீர்கள்.

படுக்கை வசதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கு வசதி, மூன்றாவது ஆள் குழந்தையாக இருந்தால் சரி. பருத்திக் கித்தான் மூச்சு விடும், அதனால் சித்திரை இரவிலும் உள்ளே கிடக்க முடிகிறது. பாலியெஸ்டரில் வேர்த்துச் செத்துவிடுவோம். ஆனால் கித்தான் பனியில் நனையும். மார்கழியில் விடிந்ததும் மடிக்காமல் ஒன்பது மணி வெயில் வரை காயவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடும். புதுக் கித்தானை முதலில் ஒரு முறை நன்றாக நனைத்துக் காயவையுங்கள். நூல் பருத்துத் தையல் துளைகள் அடைபடும், அப்புறம் ஒழுகாது.

மலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வண்டி வேண்டாம். கொடைக்கானல் ஏற்றத்தில் நான் பட்ட பாட்டை கிளட்ச் பிளேட் சொல்லும். தனியாளாகச் சுற்றுகிறவர்களும் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை, கேரியரில் ஒரு சின்னக் கூடாரம் போதும். கடற்கரையில், சமதளத்தில், இரண்டு பேராக, அவசரமில்லாமல் போகிறவர்களுக்குத்தான் இது. எனக்கு அடுத்த வேலை முன் ஃபோர்க்கை மாற்றுவது. சைடுகாருக்கென்றே செய்கிற லீடிங் லிங்க் ஃபோர்க் போட்டால் ஹேண்டில் பாதியாக இலகுவாகும் என்கிறார்கள். வாடை தொடங்குவதற்குள் மாட்டிவிட்டால், ஐப்பசியில் வாலிநோக்கம் உப்பளப் பக்கம் ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்.