குளிர் ராத்திரிக்கு எந்தப் படம்: ‘அதே கண்கள்’, ‘உருவம்’?

கோத்தகிரியில் நண்பர்கள் கூடினால் பழைய திகில் படங்களில் இந்த இரண்டுக்கும்தான் இழுபறி.

பயம்: ‘அதே கண்கள்’ (1967) முகமூடிக் கொலைகாரனைத் தேடவைக்கும், பேய் கிடையாது. ‘உருவம்’ (1991) செய்வினையில் சிக்கிய குடும்பத்தின் கதை. பாடகர் வேடங்களில் வரும் ‘மைக்’ மோகனை மட்டுமே பார்த்துப் பழகியவர்களை, இதில் அவர் நடிப்பு உலுக்கிவிடும்.

கூட்டம்: முதல் படத்தில் இசையமைப்பாளர் வேதாவின் பாட்டுகளுக்கு எல்லோரும் சேர்ந்து பாடலாம். இரண்டாவதில் பேச்சே எழாது.

குடிக்க: ‘அதே கண்கள்’ என்றால் மரத்தக்காளி (மலையில் மரத்தில் காய்க்கும் தக்காளி போன்ற பழம்) சாறு, ரத்தச் சிவப்பில், தோலுரித்து, அரைத்து, வடிகட்ட வேண்டும். ‘உருவம்’ என்றால் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. செலவும் வேலையும் குறைவு, குளிருக்கும் இதுதான் சரி.

பிள்ளைகள், பெரியவர்கள் இருந்தால் ‘அதே கண்கள்’. நண்பர்கள் மட்டும் என்றால் தயங்காமல் ‘உருவம்’. அப்புறம் யாரையும் தனியாக நடந்து போக விடாதீர்கள். ராத்திரியில் காட்டெருமை நடமாட்டம் உண்டு.