சில்வர் ஸ்டீல் கம்பி: வீட்டுப் பட்டறையில் சொந்தமாக டூல் செய்ய வாங்கலாமா?

கண்டிப்பாக வாங்கலாம். வீட்டில் ஒரு சின்ன லேத்தும் (கடைசல் மெஷின்) ஒரு கேஸ் டார்ச்சும் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள மூலப்பொருள் வேறு இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். கடைகளில் கிடைக்காத அளவில், ஓட்டையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவருகிற ஒரு ரீமர், ஒரே ஒரு வேலைக்கு மட்டும் தேவைப்படுகிற, ஓட்டையின் வாயைத் தட்டையாக அகலப்படுத்துகிற கவுண்டர்போர், பழைய மெஷினில் இருக்கும் வழக்கொழிந்த மரையை ஓட்டைக்குள் வெட்ட ஒரு டேப், இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று வாரக்கணக்கில் தேடுவதற்குப் பதிலாக ஒரு மாலைப் பொழுதில் நாமே செய்து முடித்துவிடலாம். ஆனால் எந்த டூலுக்கு இது சரி, எதற்குச் சரிப்படாது என்பது தெரியாமல் வாங்கினால் ஏமாற்றம்தான், அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. சுமார் 1 சதவீதத்துக்கு மேல் கார்பனும் கொஞ்சம் குரோமியமும் உள்ள டூல் ஸ்டீல் இது. கம்பியாக இழுத்து, மேற்பரப்பை கிரைண்ட் செய்து, மென்மையான நிலையில் விற்கிறார்கள். பெரும்பாலும் 333 மி.மீ. துண்டுகளாகவோ 1 மீட்டர் நீளத்திலோ வரும். அமெரிக்காவில் டிரில் ராட் என்ற பெயரில் விற்கும் கம்பியும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அதில் கடினப்படுத்தச் சூடேற்றித் தண்ணீரில் தோய்க்க வேண்டிய டபிள்யூ-1, எண்ணெயில் தோய்க்க வேண்டிய ஓ-1 என்று ரகங்கள் உண்டு, எது என்று பார்த்து வாங்க வேண்டும். சில்வர் ஸ்டீல் அடிப்படையில் தண்ணீர் ரகம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அளவுத் துல்லியம். நல்ல கம்பியில் மைக்ரோமீட்டரை வைத்தால், சொன்ன அளவுக்கும் இருக்கிற அளவுக்கும் நூறில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்காது, உருண்டையும் சரியாக இருக்கும். அதாவது 8 மி.மீ. ரீமர் வேண்டுமென்றால் வெளி அளவைத் தொடவே வேண்டாம், கம்பியே அந்த அளவில்தான் இருக்கிறது. டர்னிங் செய்யும்போது, அதாவது லேத்தில் கடையும்போது, கார்பன் குறைந்த சாதாரண மைல்டு ஸ்டீல் மாதிரி அவ்வளவு சுலபமாகப் போகாது, கொஞ்சம் இழுக்கும். வேகத்தைக் குறைத்து, கூரான டூலும் வெட்டு எண்ணெயும் வைத்து வெட்டினால் நல்ல ஃபினிஷ் வரும். ஹேக்சாவும் அரமும் தாராளமாக ஏறும்.

இதில் செய்கிற டூல்களிலேயே முதலிடம் ஆழமான ஓட்டையை நேராகக் கடைகிற டி-பிட்டுக்குத்தான். கம்பியின் முனையில் ஒரு நீளத்துக்குப் பாதி விட்டத்தை மில்லிங் செய்தோ அரத்தால் தேய்த்தோ எடுத்துவிட்டால் குறுக்குவெட்டில் ஆங்கில D எழுத்து மாதிரி வரும், அவ்வளவுதான் கருவி. சரிபாதிக்கு ஒரு மயிரிழை மேலேயே நிறுத்த வேண்டும், கடினப்படுத்திய பிறகு எண்ணெய்க் கல்லில் தீட்டும்போது அந்த மிச்சம் போய்விடும். பாதிக்குக் கீழே போனால் பிட்டுக்கு ஓட்டைக்குள் பிடிமானம் போய்விடும். முன்முகத்தைப் பின்பக்கமாக 5 முதல் 8 டிகிரி சாய்க்க வேண்டும், வெட்டும் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வெட்டுகிற மாதிரி லேசாகக் கோணம் கொடுக்க வேண்டும்.

பயன்படுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் சிறிய டிரில்லால் ஓட்டை போட்டு, வாயில் மட்டும், விட்டத்தின் அளவு ஆழத்துக்குப் போரிங் டூலால் சரியான அளவுக்குக் கடைந்துவிட வேண்டும். அந்த வாய்தான் டி-பிட்டுக்கு வழிகாட்டி. அதில் நுழைத்து மெதுவாக உள்ளே தள்ளி, அடிக்கடி வெளியே எடுத்துச் சுருளைத் துடைத்துக்கொண்டே போனால், டிரில் விலகிப் போகிற ஆழத்திலும் நேராகப் போகும், அடிப்பகுதியும் தட்டையாக வரும். சின்ன ஸ்டீம் எஞ்சினுக்கு வால்வு அறை கடைகிறவர்கள் இதை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதே உத்தியில் டேப்பர் ரீமரும், அதாவது கூம்பு மாதிரி சரிந்து குறுகுகிற ஓட்டைக்கான ரீமரும் செய்யலாம், இதுதான் இந்தக் கம்பியின் உண்மையான பெருமை என்பேன். லேத்தில் டூலைத் தாங்கி நகர்த்தும் டாப் ஸ்லைடை ஒரு கோணத்தில் வைத்து ஆண் டேப்பரைக் கடைகிறோம். ஸ்லைடை அசைக்காமல் அதே கோணத்தில் சில்வர் ஸ்டீல் துண்டு ஒன்றையும் கடைந்து, பாதியை எடுத்துவிட்டுக் கடினப்படுத்தினால், அந்தக் கோணத்துக்கே பொருந்துகிற ரீமர் கையில் இருக்கும். கோணம் எத்தனை டிகிரி என்று அளக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. வாங்கின ரீமர் எவ்வளவு உயர்ந்த தரமாக இருந்தாலும் நம் லேத்தில் நாம் வைத்த கோணத்துக்கு அது பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வார்ம் (திருகு மாதிரி மரை உள்ள தண்டு) ஓட்டுகிற சக்கரத்தில் பல் வெட்டுகிற ஹாப் என்ற கட்டரும் இப்படித்தான்: வார்ம் கடைந்த அதே செட்டிங்கில் இதையும் கடைந்து, பள்ளம் வெட்டி, பற்களின் பின்புறத்தை அரத்தால் லேசாக இறக்கி, கடினப்படுத்தினால் பித்தளைச் சக்கரத்தை அழகாக வெட்டும்.

சரி, தோய்ச்சல் போடுவதற்கு, அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்துக் கடினப்படுத்துவதற்கு வருவோம். பலரும் பயப்படுவது இங்கேதான், ஆனால் பயப்படத் தேவையில்லை, கவனம்தான் வேண்டும். நெருப்புக் கற்களை மூன்று பக்கமும் சுவர் மாதிரி அடுக்கி, வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்துச் சூடேற்றுங்கள், வெயிலில் நிறம் தெரியாது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு காந்தத்தைத் தனியாக ஒரு மெல்லிய ஒயரில் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். காந்தம் ஒட்டாமல் போன பிறகு இன்னும் ஒரு சாயல் மேலே ஏற்றி, கனத்துக்கு ஏற்ப சில நிமிடம் அங்கேயே வைத்திருந்துவிட்டு உடனே தோய்த்துவிட வேண்டும். அதற்கும் மேலே ஏற்றிக்கொண்டே போனால் உள்ளே துகள்கள் பெரிதாகி, வெட்டும் விளிம்பு பொடிப்பொடியாக உதிரும்.

தோய்க்கும்போது செங்குத்தாக, முனை முதலில் போகிற மாதிரி இறக்கி, மேலும் கீழும் அசைக்க வேண்டும். படுக்கவைத்த மாதிரி போட்டால் ஒரு பக்கம் முதலில் குளிர்ந்து கம்பி வளைந்துவிடும். தண்ணீரில் சுமார் பத்தில் ஒரு பங்கு எடைக்கு உப்பு கலந்தால் நீராவிப் படலம் ஒட்டாமல் சீராகக் குளிரும். மெல்லிய டூல் என்றால் தண்ணீரில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம், எண்ணெய் போதும். எண்ணெய் பயன்படுத்தினால் மூடியோடு கூடிய உலோக டப்பாவில் மட்டும், காற்றோட்டமான இடத்தில் மட்டும், ஏனென்றால் தீப்பிடிக்கும். சட்டென்று மூடியைப் போட்டால் அணைந்துவிடும். பிளாஸ்டிக் வாளியைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

தோய்த்த பிறகு அரத்தை வைத்துப் பாருங்கள். கடிக்காமல் வழுக்கிப் போனால் கடினமாகிவிட்டது. இந்த நிலையில் அது கீழே விழுந்தாலே உடையலாம், அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காமல் அப்போதே டெம்பர் செய்துவிட வேண்டும், அதாவது மிதமாகச் சூடேற்றி உடையும் தன்மையைக் குறைக்க வேண்டும். எமரி தாளால் ஒரு பக்கத்தைப் பளபளப்பாக்கி, வெட்டும் முனையிலிருந்து தள்ளிச் சூடேற்றினால் நிறங்கள் வரிசையாக ஓடி வரும். சுமார் 220 டிகிரியில் வெளிர் வைக்கோல் நிறம், 240-ல் அடர் வைக்கோல், 260 வாக்கில் பழுப்பு, 280-ல் ஊதா, 300 வாக்கில் நீலம். உலோகம் வெட்டும் டூலுக்கு வைக்கோல் நிறம் முனையை எட்டியதும் தண்ணீரில் அமிழ்த்திவிட வேண்டும். நீலம் வரைக்கும் போனால் அது ஸ்பிரிங்குக்குத்தான் ஆகும். என் விருப்பம் ஒரு சின்ன மின் அடுப்பில் 200 முதல் 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது. முழுத் துண்டும் ஒரே மாதிரி வரும், நிறத்தை விரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. அடுப்பின் குமிழில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் தனி தெர்மாமீட்டர் வைப்பது நல்லது.

இப்போது குறைகள். காற்றில் சூடேற்றும்போது மேற்பரப்பில் கார்பன் எரிந்துபோய் ஒரு மெல்லிய மென்படலம் உருவாகிறது, கரும்பொருக்கும் ஒட்டுகிறது. போரிக் அமிலத்தைக் குழைத்துப் பூசினால் ஓரளவு தடுக்கலாம், ஆனாலும் வெட்டும் முகத்தை ஒரு தடவை கல்லில் தீட்டாமல் வேலைக்கு எடுக்க முடியாது. கடினமாகும்போது அளவும் துளி மாறும், மெல்லிய நீளத் துண்டுகள் என்னதான் செங்குத்தாக இறக்கினாலும் சில சமயம் வளையும். அதனால் ரீமர் செய்தால் முதலில் ஒரு உதிரித் துண்டில் ஓட்டை போட்டு அளந்துவிட்டுத்தான் உண்மையான வேலையில் இறக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை சூடு. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல், வேகமாக வெட்டுவதற்கான டூல் ஸ்டீல்) சுமார் 550 டிகிரி வரைக்கும் கடினம் குறையாமல் நிற்கும், இந்த ஸ்டீலோ டெம்பர் செய்த சூட்டைத் தாண்டியதும் இளகத் தொடங்கிவிடும். எனவே ஹெச்எஸ்எஸ் வேகத்தில் பாதிக்கும் கீழேதான் ஓட்ட வேண்டும். 20 மி.மீ. கட்டரை மைல்டு ஸ்டீலில் ஹெச்எஸ்எஸ் என்றால் நிமிடத்துக்கு 480 சுற்று வரை ஓட்டலாம், அதே கட்டர் சில்வர் ஸ்டீலில் செய்தது என்றால் 190 வாக்கில் நிறுத்திக்கொண்டு எண்ணெய் தாராளமாக விட வேண்டும். பித்தளையிலும் அலுமினியத்திலும் இந்தப் பிரச்சினையே கிட்டத்தட்ட இல்லை, அங்கே இதன் விளிம்பு நீண்ட நாள் நிற்கும். சாணை பிடிக்கும்போதும் இதே எச்சரிக்கை: விளிம்பு நீலமாகிவிட்டால் கடினம் போய்விட்டது, அடிக்கடி தண்ணீரில் தொட்டுத் தொட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஹெச்எஸ்எஸ்ஸை அதிகச் சூட்டில் தண்ணீரில் முக்கினால் நுண்விரிசல் விழும் என்பதால் அதற்கு இந்தப் பழக்கம் வேண்டாம்.

1868-ல் இங்கிலாந்தின் ராபர்ட் மஷெட் உருவாக்கிய டங்ஸ்டன் ஸ்டீல் வருவதற்கு முன்னால் உலகத்து லேத் எல்லாம் கார்பன் ஸ்டீல் டூலில்தான் ஓடின. 1900 பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்கர்களான டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கிய ஹெச்எஸ்எஸ் டூல் சிவக்கச் சிவக்க வெட்டிக் காட்டிய பிறகுதான் மெஷின்களே வேகமாக ஓடும்படி மாற்றிக் கட்டப்பட்டன. வீட்டு லேத்துக்கு அந்த அவசரம் இல்லை, அங்கே பழைய ஸ்டீல் இன்னும் சரியாகவே பொருந்துகிறது.

அதனால் என் பங்கீடு இப்படி: லேத்தில் தினமும் டர்னிங் செய்கிற சாதாரண டூலுக்குக் கடினப்படுத்தின ஹெச்எஸ்எஸ் சதுரக் கட்டையை வாங்கி சாணை பிடித்துக்கொள்ளுங்கள். அதைக் கடினப்படுத்த 1200 டிகிரி வாக்கில் சூடு வேண்டும், வீட்டில் நடக்காது, கிரைண்ட் செய்து வடிவம் கொடுப்பது மட்டும்தான் வழி. லேத்திலும் மில்லிங்கிலும் கடைந்துதான் வடிவம் வரும் என்கிற டூல் எல்லாம் சில்வர் ஸ்டீலுக்கு: டி-பிட், முனையில் வழிகாட்டித் தண்டு (பைலட்) உள்ள கவுண்டர்போர், டேப்பர் ரீமர், பல் வெட்டும் கட்டர், விநோத அளவு டேப். வேண்டிய வடிவத்தை அப்படியே பதித்து வெட்டுகிற ஃபார்ம் டூல் என்றால் பித்தளைக்கு இது, ஸ்டீலுக்கு ஹெச்எஸ்எஸ்.

வாங்கும்போது கம்பியில் ரகம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு விற்பனையாளரிடமிருந்து வந்த ஒரு கட்டில் எந்த அடையாளமும் இல்லை, அதில் ஒன்று எவ்வளவு காய்ச்சித் தோய்த்தும் அரம் கடித்துக்கொண்டே இருந்தது, வெறும் பிரைட் மைல்டு ஸ்டீல். சந்தேகம் வந்தால் ஓரத்தை கிரைண்டரில் தொட்டுப் பாருங்கள். மைல்டு ஸ்டீலில் நீளமான கோடுகளாகப் பொறி பறக்கும், சில்வர் ஸ்டீலில் கல்லுக்குப் பக்கத்திலேயே கிளை கிளையாக நட்சத்திரங்கள் வெடிக்கும், ஹெச்எஸ்எஸ்ஸில் மங்கலான சிவப்பாகக் கொஞ்சமாக வரும். வீட்டுக்கு வந்ததும் ஒரு முனையில் பெயின்ட் அடித்துவிட்டு, துண்டு வெட்டும்போது அடிக்காத முனையிலிருந்து வெட்டுங்கள், கடைசித் துண்டு வரைக்கும் அடையாளம் இருக்கும். துருப்பிடிக்கும் ஸ்டீல் என்பதால் எண்ணெய் தடவின தாளில் சுற்றி வையுங்கள். முதல் முறை வாங்குபவர் 6, 8, 10, 12 மி.மீ. நான்கையும் எடுத்தால் போதும், 12-க்கு மேல் போனால் ஒரு டார்ச்சால் சீராகச் சூடேற்றுவது கஷ்டம், இரண்டாவது டார்ச்சோ சின்ன உலையோ தேவைப்படும்.